வராண்டா கொசுவலை: தூசி முதலில், தண்ணீர் பிறகு
(வாசகர் கேள்வி – பதில்)

வீட்டுப் பராமரிப்பு பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொசுவலையைப் பற்றியவை. காரணம் தெரிந்ததே. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கமெல்லாம் கத்திரி வெயில் முழுக்கப் புழுதி ஏறுகிறது. அதன் பிறகு சாயங்காலங்களில் மண்காற்றோடு நான்கு தூறல் போட்டால், வலையில் இருந்த தூசி சேறாகி அங்கேயே காய்ந்துவிடுகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் சுத்தம் செய்துவிட நினைப்பவர்களுக்கு இந்தப் பதில்கள்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலைக்குப் பக்கம். முன் வராண்டாவின் கிரில்லுக்கு உள்பக்கம் ஃபைபர் கொசுவலை அடித்திருக்கிறோம். கழற்ற முடியாது. கருத்துப்போனதால் ஹோஸ் பைப்பால் நன்றாகப் பீய்ச்சிக் கழுவினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது, காற்றே வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி

காற்று வராததற்குக் காரணம், வலையின் கண்களில், அதாவது இழைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டைகளில், மண் அடைத்திருப்பதுதான். இரவில் வலைக்கு வெளியே ஒருவரை மொபைல் டார்ச் அடிக்கச் சொல்லி, உள்ளிருந்து பாருங்கள். அடைபட்ட கண் ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய ஏடு படிந்திருக்கும். சாதாரண ஃபைபர் வலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 கண், மறுபக்கம் 16 கண். ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். காய்ந்த தூசி இழையின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், தட்டினால் விழும். தண்ணீர் பட்டதும் குழைந்து கண்ணை மூடிக்கொள்ளும். அதனால்தான் தூசி காய்ந்திருக்கும்போதே போக வேண்டும் என்கிறோம். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

இப்போது அடைத்திருப்பதை எடுக்க, முதலில் வலையை முழுக்கக் காயவிடுங்கள். நல்ல வெயிலில் ஒரு நாள் போதும். காய்ந்ததும் உள்ளங்கையால் வலையை லேசாகத் தட்டுங்கள், ஏடு உடைந்து உதிரும். பிறகு மூன்று அல்லது நான்கு அங்குல அகலமுள்ள புது பெயின்ட் பிரஷ்ஷால், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். வராண்டாவிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்திவிடுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள், மூக்கில் மாஸ்க் போடுங்கள். தென்னந்துடைப்பம் வேண்டாம், ஈர்க்கு முனை கண்ணுக்குள் நுழைந்து இழையை விலக்கிவிடும். வேக்குவம் கிளீனர் இருந்தால் மென்மையான பிரஷ் முனையை மாட்டி, குறைந்த வேகத்தில் வையுங்கள்.

அடுத்தது கழுவும் வேலை. நெடுஞ்சாலை ஓரத்துத் தூசியில் லாரி, பஸ் புகையின் கரியும் கலந்திருக்கிறது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு, வெறும் தண்ணீருக்கு அது அசையாது. 4 அடிக்கு 6 அடி வலைக்கு 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, போதும். அதற்கு மேல் போட்டால் நுரை வலையிலேயே தங்கி, காய்ந்ததும் ஒட்டும் தன்மையோடு நிற்கும். அடுத்த வாரத் தூசி அதில்தான் முதலில் பிடிக்கும். சோப்புக் கட்டியும் வேண்டாம். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளைப் பிசுக்காகி இழையில் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் நல்ல தண்ணீர். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வலைமேல் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஃபைபர் வலை என்பது பி.வி.சி. பூசிய கண்ணாடி இழை. அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்து, உள்ளிருக்கும் கண்ணாடி நார் பிசிறாக வெளியே வரும். கையில் பட்டால் அரிக்கும். வலையும் தொய்ந்துவிடும். இதற்கு ஒரே வழி, ஆள் துணை. ஒருவர் வெளிப்பக்கம் மடித்த ஈரத் துண்டை வலையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் உள்பக்கம் ஸ்பாஞ்சை வைத்து அழுத்தட்டும். அழுக்கு துண்டில் இறங்கிவிடும், வலைக்கும் பளு இல்லை. இரண்டடி இரண்டடியாக முடித்து, ஒவ்வொரு பகுதியையும் சோப்பு காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீர் ஸ்பாஞ்சால் ஒற்றிவிட வேண்டும். நாலு ஒற்றுக்கு ஒரு முறை துண்டை அலசுங்கள்.

காலை ஏழு மணிக்குள் ஆரம்பிப்பது நல்லது. வெயில் ஏறி வலை சூடான பிறகு சோப்புத் தண்ணீர் பட்டதும் காய்ந்து, கோடு கோடாகக் கறை நிற்கும்.

வேலை முடிந்ததும் வாளியில் மிச்சமுள்ள தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அது பகலில் கடிக்கும் கொசு என்பதால், வலைக்கதவைச் சாயங்காலம் மட்டும் சாத்தினால் போதாது.

வலையைக் கழுவிய பிறகு வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. எங்களுக்குப் போர் தண்ணீர்தான். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து துடைத்தேன். புள்ளி போனது, ஆனால் ஒரு வாரத்தில் ஸ்டீல் வலையில் பழுப்புக் கறை வந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தானே விற்றார்கள்?
– வாசகர், காந்தி நகர், காட்பாடி

வலை ஸ்டெயின்லெஸாகத்தான் இருக்கும், கெடுத்தது ஆசிட். துருப்பிடிக்காத எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்ஸைடு படலம் இருக்கிறது. துருவைத் தடுப்பது அதுதான். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அரித்து ஓட்டை போடும். தண்ணீரில் கலந்தாலும் அரிக்கும், மெதுவாக அரிக்கும், அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடருக்கும் இதே குணம் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து வலை முழுக்க ஒற்றுங்கள். மூலைகளில் தங்கியிருக்கும் ஆசிட் முறியும். பத்து நிமிடம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். கறை மேலோட்டமாக இருந்தால் ஈரத்துணியில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தாலே குறையும். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகள் வலையில் ஒட்டிக்கொண்டு, அதுவே புதிதாகத் துருப்பிடிக்கும். விரல் நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் வலையை மாற்றுவதுதான் வழி.

வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு உப்பு. அதற்கு மளிகைக் கடை வினிகரே போதும். ஒரு கப் வினிகருக்கு மூன்று கப் தண்ணீர் கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். ஸ்டீலுக்கும் ஃபைபருக்கும் இது பொருந்தும். அலுமினிய வலை, அலுமினியச் சட்டமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் அலசிவிட வேண்டும். ஜி.ஐ. வலையில் (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) வினிகர் படவே கூடாது, மேல்பூச்சுத் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். எந்த ஆசிட்டையும், வினிகரையும்கூட, பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். மூடிய வராண்டாவில் அது உயிருக்கே ஆபத்து.

கறை வராமலே பார்த்துக்கொள்வதும் சுலபம். கழுவுவதற்குப் போர் தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசலுக்கு மட்டும் காவேரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. உள்ள வீட்டில் அதன் குழாயில் வடியும் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் பயன்படுத்தாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம்.

ஆற்காட்டில் எங்களுடையது பழைய வீடு. தாழ்வாரத்தில் மரச்சட்டம் போட்டு இரும்பு வலை அடித்திருக்கிறது. சில இடத்தில் வெள்ளைப் பொடி, சில இடத்தில் துரு. கழுவலாமா, மாற்றிவிடலாமா?
– வாசகர், ஆற்காடு

அது ஜி.ஐ. வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. வெள்ளைப் பொடி துத்தநாகம் கரைவதன் அடையாளம். அந்த இடத்தில் இரும்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. செந்துரு வந்த இடத்தில் பூச்சு தீர்ந்துவிட்டது. கட்டை விரலால் துருப்பிடித்த இடத்தை அழுத்திப் பாருங்கள். கம்பி வளைந்து மீண்டால் காப்பாற்றலாம். நொறுங்கினால் அந்தச் சட்டத்தின் வலையை முழுவதும் மாற்றுங்கள், பாதிக்கு ஒட்டுப் போட்டால் மிச்சம் அடுத்த மழையில் போகும்.

காப்பாற்றுவதானால் தண்ணீரே வேண்டாம். காய்ந்த நைலான் பிரஷ்ஷால் பொடியை எடுத்து, துரு உள்ள இடத்தைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு எனாமல் பெயின்ட் அடியுங்கள். பிரஷ்ஷால் அடித்தால் கண் அடைத்துக்கொள்ளும். சிறிய ஸ்பாஞ்ச் ரோலரைப் பெயின்ட்டில் தொட்டு, பழைய பேப்பரில் நான்கு முறை உருட்டி, ஏறக்குறைய காய்ந்த நிலையில் வலைமேல் உருட்ட வேண்டும். ஒரு பக்கம் காய்ந்த பிறகு மறுபக்கம். எங்காவது கண் மூடினால் பெயின்ட் இறுகுவதற்குள் வாயால் ஊதிவிடுங்கள்.

மரச்சட்டத்தை நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். மூலைப் பொருத்தில் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, மழைக்காலத்தில் கதவு சாத்த வராது.

சமையலறை ஜன்னல் வலையில் எண்ணெய்ப் பிசுக்கு. தொட்டால் கையில் ஒட்டுகிறது.
– வாசகி, குடியாத்தம்

வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கீழே படுக்கப் போட்டுச் செய்யுங்கள், பாதி வேலை குறையும். கை பொறுக்கும் சூட்டில் 3 லிட்டர் தண்ணீர், அதில் பாத்திர லிக்விட் 2 மேசைக்கரண்டி. அடியில் பழைய துண்டை விரித்து, வலையை அதன்மேல் வைத்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி 20 நிமிடம் ஊறவிடுங்கள். தாளித்த எண்ணெய் மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து வார்னிஷ் போல இறுகியிருக்கும், ஊறாமல் தேய்த்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. ஊறிய பிறகு மென்மையான பிரஷ்ஷால் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை, அவ்வளவே.

வலையும் சட்டமும் இரண்டுமே ஸ்டீல் என்றால் அந்தத் தண்ணீரில் சலவை சோடா 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம், பிசுக்கை வேகமாக எடுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் சலவை சோடா படக்கூடாது, கருத்துவிடும். ஃபைபர் வலைக்குக் கொதிக்கும் தண்ணீரும் ஆகாது, பி.வி.சி. இளகி வலை நெளிந்துவிடும். மண்ணெண்ணெய், தின்னர் இரண்டும் பூச்சையே கெடுப்பவை, அடுப்புக்குப் பக்கத்தில் தீ விபத்துக்கும் வழி.

வெல்க்ரோ ஒட்டிய வலையைத் துவைத்து மாட்டினால் நிற்க மாட்டேன் என்கிறது.
– வாசகி, பாகாயம்

வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் நூல், முடி, பஞ்சு சிக்கியிருக்கும். பழைய பேன் சீப்பு அல்லது ஊசியால் அதை இழுத்தெடுங்கள். வலையில் தைத்த பட்டியையும் சரியாகக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள், ஈரத்தோடு ஒட்டினால் பிடிப்பு குறையும்.

ஜன்னல் சட்டத்தில் ஒட்டிய பட்டியே உரிந்து வருகிறது என்றால் பசை போய்விட்டது. மேற்குப் பார்த்த ஜன்னலில் இது சீக்கிரமே நடக்கும். பழைய பட்டியை முழுக்க உரித்து, மிச்சப் பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு புதுப் பட்டியை ஒட்டி நன்றாக அழுத்துங்கள். அன்றைக்கே வலையை மாட்டாதீர்கள். 24 மணி நேரமாவது பசைக்கு விடுங்கள். கழற்றும்போது மூலையைப் பிடித்து இழுக்காமல், பட்டியை ஒட்டினாற்போல் விரலை வைத்து மெதுவாகப் பிரித்தால் அடுத்த முறை இந்தப் பிரச்சினை வராது.

பால்கனி வலையில் புறா எச்சம் காய்ந்து கிடக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் காய்ந்தபடியே துடைத்துவிடலாமா?
– வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்

கூடாது. காய்ந்த தூசியை முதலில் எடுக்க வேண்டும் என்ற விதி இதற்கு மட்டும் செல்லாது. காய்ந்த எச்சத்தைத் தேய்த்தால் பொடியாகப் பறக்கும். அதில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்திலேயே இருக்க வேண்டாம். என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை எடுத்து எச்சத்தின் மேல் நன்றாகத் தெளித்து, நனைத்த பேப்பரை அதன்மேல் ஒட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஊறியதும் பேப்பரோடு வழித்தெடுத்துப் பையில் கட்டிவிடலாம். மிச்சத்தை மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள்.

குளவியின் மண்கூட்டுக்கும் இதே முறைதான். கத்தியால் சுரண்டினால் வலை கிழியும், ஊறவிட்டால் மண் தானாகக் குழையும். குளவி வந்துபோகிற கூடாக இருந்தால், அது விட்டுப்போகும்வரை காத்திருங்கள்.

ஸ்லைடிங் ஜன்னலில் மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வலை ஓடும் பள்ளத்தில் குளம்போல் நிற்கிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

கீழ் டிராக்கின் வெளிப்பக்க விளிம்பில் தண்ணீர் வடிய சிறிய துளைகள் விட்டிருப்பார்கள். அதில் மண்ணும் இறந்த பூச்சியும் அடைத்திருக்கின்றன. இங்கேயும் காய்ந்த மண்ணைப் பிரஷ்ஷால் கூட்டி அள்ளிய பிறகே தண்ணீர். துளையை ஈர்க்கால் குத்தித் திறந்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். சில விநாடிகளில் வெளியே வடிந்தால் சரி. வடியவில்லை என்றால் துளையே போடாமல் விட்டிருக்கலாம், அல்லது வெளியே பூசிய சிமென்ட், சிலிக்கான் அதை மூடியிருக்கலாம். அதைச் செய்து கொடுத்த அலுமினியக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வலை இறுக்கமாக ஓடுகிறது என்று தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் விட வேண்டாம். இரண்டு நாளில் புழுதி அதில் பிடித்துக் களிம்பாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

காரைக் கழுவும் பிரஷர் வாஷரால் கொசுவலையைக் கழுவலாமா?
– வாசகர், ஆரணி

வேண்டாம். வலையைச் சட்டத்தில் பிடித்திருப்பது ஒரு ரப்பர் பீடிங், அதாவது சட்டத்தின் பள்ளத்தில் செருகிய ரப்பர் கயிறு, மட்டுமே. அந்த வேகத்தில் அது பள்ளத்தைவிட்டு எகிறிவிடும், ஃபைபர் வலையாக இருந்தால் கிழியும்.

கழுவும்போது வலை ஒரு மூலையில் பீடிங்கோடு கழன்று வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் சிறிய ஓட்டை. நாமே சரிசெய்ய முடியுமா?
– வாசகி, ஆம்பூர்

முடியும். கழன்ற மூலைக்கு, பள்ளத்தில் உள்ள மண்ணை முதலில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், மண் இருந்தால் பீடிங் உட்காராது. பீடிங் இன்னும் வளைகிறதா என்று பாருங்கள். வளைத்தால் வெடிப்பு விடுகிறது என்றால் புதிதாக வாங்க வேண்டும். அளவு பலவிதம் என்பதால் இரண்டு அங்குலத் துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. வலையைப் பள்ளத்தின்மேல் விரித்து, பீடிங்கை அதன்மேல் வைத்து, பீடிங் தள்ளும் சிறு சக்கரத்தால் மூலையிலிருந்து உருட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினால் வலை அறுந்துவிடும். கையால் வலையை இறுக்கி இழுக்கவும் வேண்டாம். பீடிங் உள்ளே இறங்கும்போதே வலை விறைக்கும். கூடவே கையாலும் இழுத்தால் சட்டத்தின் நடுப்பகுதி உள்ளே வளைந்து, ஓரத்தில் கொசு நுழைய இடம் விடும்.

ஓட்டையை முதலில் உற்றுப் பாருங்கள். இழை அறாமல் விலகி மட்டும் இருந்தால் ஊசி முனையால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். அறுந்திருந்தால், ஃபைபர் வலைக்கு ஓட்டையைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிய துண்டு வெட்டி, நைலான் நூலால் ஓரத்தைத் தைத்துவிடுங்கள். ஸ்டீல் வலையானால் அதே அளவு துண்டின் நான்கு ஓரத்திலும் மூன்று நான்கு கம்பியை உருவிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒரே பக்கமாக மடக்கி, ஓட்டையின்மேல் வைத்து மறுபக்கம் நுழைத்து, அங்கே மறுபடி மடித்து அழுத்துங்கள். நூலே தேவைப்படாது. கம்பி முனை விரலைக் கிழிக்கும் என்பதால் மடிக்கும் வேலையை மூக்குக் குறடால் செய்யுங்கள்.